மூன்றரை மணிக் குரல்

நூர்நிஷாவின் புருஷன் துல்கர்னைன் கொழும்பில் இருந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு நிமிடம் தென்காசி வீட்டுக்குள் வந்துவிட்டுப் போவான்.

அங்கே புறக்கோட்டைக் கடைவீதியில் பிறைக்கொடி ஜவுளி மாளிகை என்ற கடையில் அவனுக்குச் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. கடை முதலாளி கொழும்பு வானொலியில் சினிமாப் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடத்தை விளம்பரத்துக்கென்று வாங்கியிருந்தார். அதை வாசிக்க யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது அவருக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. துல்கர்னைன் "வாங்கம்மா" என்று சொன்னாலே தெருவோடு போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை அவனுக்கு. 1961 தொடக்கத்திலிருந்து அந்த ஒரு நிமிடம் அவனுடையதாயிற்று.

அவனே லீவில் வந்தபோது கொண்டுவந்து வைத்த ரேடியோதான் வீட்டில் இருந்தது. நூர்நிஷா அதற்கு முன்னால் மூன்று மணிக்கே உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமாகி ஏழு வருஷம். எல்லா லீவையும் கூட்டினாலும் அவனோடு சேர்ந்திருந்தது பதினோரு மாதத்தைத் தாண்டாது. பிள்ளையில்லை. துல்கர்னைனின் அக்கா ஹாஜரா பீவி, புருஷனை இழந்தவள், அவளோடு இருந்தாள்.

"பிறைக்கொடி ஜவுளி மாளிகை. புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு. காஞ்சிபுரம் பட்டு, வாயில் சேலைகள், மணமக்களுக்கான சரிகை வகைகள். ஒருமுறை வந்தால் மறுமுறையும் வருவீர்கள்."

"நீங்கதான் வரணும்" என்பாள் நூர்நிஷா ரேடியோவைப் பார்த்து.

"ஏட்டி, வாரத்துக்கு ஏழு நாளு இருக்கு. நீ ஒரு நாளுக்குத்தான் சீவனை வச்சிருக்கே" என்று ஹாஜரா பீவி அடுப்படியிலிருந்து சொல்வாள். ஆனால் மூன்றரைக்கு அவளும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். தம்பி குரலல்லவா.

நூர்நிஷாவுக்கு ஒரே மனக்குறை. வருவது அவன் குரல்தான், ஆனால் அவன் இல்லை. சின்ன ரேடியோவிலிருந்து மூக்கால் பேசுகிற மாதிரி வரும். அவன் பக்கத்தில் படுத்துப் பேசும்போது அவள் கன்னத்தில் அதிருமே, அந்த நெஞ்சுச் சத்தம் அதில் இருக்காது. நெசவாளியின் மகள் அவள். பத்துத் தறிகள் ஓடுகிற தெருவில் பிறந்து, எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிற காது அது. அந்தக் காதுக்கு இந்தக் குரல் போதவில்லை.

அடுத்த வருஷம் ரேடியோவில் ஒரு வால்வு போய்விட்டது. இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து திரும்பி, தெற்கு ரதவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். வரும்போது ஒரு சுமையாளின் தலையில் ஒரு மரப்பெட்டியும் வந்தது. இடுப்பு உயரம், ஒன்றரைச் சாண் அகலம். தரையில் அரிசிப் பானை மாதிரி ஊன்றி நின்றது.

"இதென்ன அண்ணாச்சி, பீரோவா?" என்றாள் ஹாஜரா பீவி.

"ஸ்பீக்கர் பெட்டி ஆச்சி. எனக்காகப் பண்ணுனது. ரேடியோ நல்லா இருக்கா, இல்ல அதுக்குள்ள இருக்க ஸ்பீக்கர்தான் மோசமான்னு இத மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

செங்கோட்டை மரக்கடைத் தேக்கு. உள்ளே இலவம்பஞ்சு ஒட்டி, அடியில் மணல் நிரப்பி, மூடிப்போன ஒரு டூரிங் கொட்டகையிலிருந்து வாங்கிய எட்டங்குல ஸ்பீக்கரை அதில் பொருத்தியிருந்தார். புது வால்வைப் போட்டு, ரேடியோவின் முதுகிலிருந்து இரண்டு வயரை இழுத்துப் பெட்டியில் முடுக்கினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று இருபத்தெட்டு.

முதலில் ஒரு காகிதம் புரளுகிற சத்தம் வந்தது. பிறகு ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். அதற்குப் பிறகுதான், "பிறைக்கொடி ஜவுளி மாளிகை."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த நூர்நிஷா முக்காடு நழுவியது தெரியாமல் வெளியே வந்துவிட்டாள். குரல் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, சுவரோரம் ஒரு ஆள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. "வருவீர்கள்" என்று முடிக்கையில் அந்த அதிர்வு தரை வழியாக அவள் உள்ளங்காலுக்கு வந்தது. நிமிடம் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இசக்கியப்பன் வயரைக் கழற்றக் குனிந்தார்.

"அண்ணாச்சி, அதக் கழட்டாதீங்க" என்றாள் நூர்நிஷா. அந்நிய ஆம்பிளையிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சரி தங்கச்சி. நான் எனக்கு வேற ஒண்ணு பண்ணிக்கிடுதேன். ஆனா ஒரு மாசம் கழிச்சு வருவேன். இதுல என்ன நல்லாருக்கு, என்ன குறைன்னு எனக்கு நீ சொல்லணும். இதுவரைக்கும் பாத்தவன் பூரா பாலிஷைத்தான் பாத்தானே தவிர ஒருத்தனும் காதைக் குடுக்கல."

ஒரு மாதம் கழித்து வந்தார். நூர்நிஷா திரைக்கு உள்ளே நின்றபடி சொன்னாள். சுவரோடு ஒட்டி வைத்தால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒரு முழம் முன்னால் இழுத்தால் சுத்தமாகிவிடுகிறது. முகப்புத் துணி நெருக்கமான நெசவு, அதில் குரல் மங்குகிறது. அதை எடுத்துவிட்டு வாப்பா வீட்டிலிருந்து இழை விலகிய நெசவாக ஒரு துண்டு வாங்கிக் கட்டியாயிற்று. மேளத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது.

"குறை?"

"நாகசுரம் வந்தா காதை அறுக்குது அண்ணாச்சி. சாரல் அடிச்சா பலகை ஊறிப்போயி ஒரு பக்கம் 'ர்ர்'ன்னு உறுமுது. பாட்டுக்கு இது சுமார்தான். ஆனா மனுசப் பேச்சுக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

"போதும் தங்கச்சி" என்றார் இசக்கியப்பன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இன்னும் தூரமாகிவிட்டது. முன்பு ஒரு குரலுக்காகக் காத்திருந்தாள். இப்போது ஒரு ஆளுக்காகக் காத்திருந்தாள். திங்கட்கிழமை வீடு வெறிச்சென்று கிடக்கும். பெட்டியைத் துடைக்கும்போது அந்தப் பக்கச் சுவரையும் சேர்த்துத் துடைப்பாள். அவன் அந்த நிமிடத்தை இரண்டு மூச்சில் வாசிப்பது அவளுக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் ஒன்று, "காஞ்சிபுரம்" என்பதற்கு முன்னால் ஒன்று. அந்த இரண்டாவது மூச்சில் அவளும் தன்னையறியாமல் சேர்ந்து இழுப்பாள்.

1963 ஆனியில், குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஊரெல்லாம் ஈரக்காற்று அடித்த நாளில், "மணமக்களுக்கான" என்பதற்கு முன்னால் மூன்றாவதாக ஒரு மூச்சு வந்தது.

"மைனி, கேட்டீகளா?" என்றாள் நூர்நிஷா ஹாஜரா பீவியிடம்.

"எத?"

"மூணு மூச்சு."

"பேன் பாக்குத மாதிரி மூச்சை எண்ணுதியே! போ ஏட்டி."

இரண்டு வாரம் கழித்து நான்காயிற்று. அந்த நான்காவது மூச்சின் அடியில் கிழிந்த துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது. நெஞ்சுக்கு என்ன என்று கேட்டு நூர்நிஷா கடிதம் போட்டாள். கொஞ்சம் சளி என்று பதில் வந்தது. ஐந்து மூச்சானதும் மறுபடி எழுதினாள். அதற்கு வந்த பதிலில் கோபம் இருந்தது. 'முன்னூறு மைலுக்கு அப்பாலிருந்து ரேடியோவில் நாடி பிடிக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.'

அவள் இசக்கியப்பனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அவர் பெட்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்து, அதன் முன்னால் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிடம் முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"என் பெட்டிதான் உறுமுதுன்னு சொல்லலாம்னு வந்தேன்" என்றார் கடைசியில். "பெட்டி இல்ல தங்கச்சி. பட்டாளத்துல என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இப்படித்தான் இழுத்தான். சுணங்காத, நாளைக் கடத்தாத."

அன்றைக்கே நூர்நிஷா கடை முதலாளிக்கு எழுதினாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். புருஷனுக்குத் தெரியாமல் அவன் முதலாளிக்குப் பெண்பிள்ளை கடிதம் எழுதுவதா என்று ஹாஜரா பீவி வாயில் அடித்துக்கொண்டாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஐயா, உங்கள் கடைச் சேலைகளைப் பற்றி வாசிக்கிறவருக்கு நெஞ்சில் நோய் இருக்கிறது. அவர் மறைக்கிறார். தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.'

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் புள்ளி விழுந்திருந்தது. முதலாளி நல்லவர், ஆனால் காசநோய்க்காரனைக் கடையில் வைத்திருக்க முடியுமா? தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். தனுஷ்கோடிக்குப் போய் அழைத்துவந்தவன் நூர்நிஷாவின் அண்ணன் சேக் தாவூது. வாசலில் வண்டி நின்றபோது இறங்கியவனின் தோளில் சட்டை, ஆணியில் மாட்டினது போல் தொங்கியது. "வந்துட்டீகளா" என்றாள் நூர்நிஷா. அவன் உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை.

தினமும் ஊசி. தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். நூர்நிஷா ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் தேறி, தேய்ந்த குரலில் பேச வந்தபோது முதலில் சொன்னது இதுதான்:

"நீ எழுதாம இருந்திருந்தா நான் அங்கனயே இருந்திருப்பேன்."

"மவுத்தாயிருப்பீக மச்சான்."

"இருந்திருப்பேன்" என்றான் அவன் மறுபடி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவன் அறையைவிட்டு வெளியே வந்தான். பெட்டிக்கு முன்னால், அவள் எப்போதும் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தான். மூன்றரைக்கு வேறு ஒருவன் வாசித்தான். இளம் குரல். "சரிகை" என்பதை அவசரமாக விழுங்கினான்.

"பய தாளைப் பாத்தே படிக்கான்" என்றான் துல்கர்னைன். "அங்கன கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தர் கையைத் தூக்குவாரு. அவரைப் பாத்துத்தான் பேசணும். வெளிய வந்தா கடல் தெரியும். நடந்தே கடைக்கு வருவேன். வழியில டீக்கடைக்காரன் 'என்னப்பா, இன்னைக்குச் சிலோனே கேட்டுச்சே'ம்பான்."

பாட்டு முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று நூர்நிஷா அவன் முதுகைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த இடத்தில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் வெளியே நின்று கண்டாள். ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் மனசு கடலுக்கு அந்தப்பக்கம் நின்றது. கோபப்பட அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஏக்கத்தின் நீள அகலம் அவளுக்குத் தெரியாததா?

அடுத்த வாரத்திலிருந்து மூன்று மணிக்கு அவனுக்கு அங்கே பாயை அவளே விரித்துப் போட்டாள்.

ஒன்றரை வருஷ ஊசியும் முட்டையும் பாலும் அவனைத் தேற்றின. டாக்டர் புள்ளி ஆறிவிட்டதென்றார். அன்றே முதலாளிக்கு எழுதினான். இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, இப்போது விசாவும் லேசில் கிடைக்காது, அங்கேயே ஏதாவது தொழில் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. கடிதத்தை மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தவன், இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

மூன்றாம் நாள் இசக்கியப்பன் வந்தார். "எய்யா, குத்தாலத்துல சீசனுக்கு மைக் போட என்னையக் கூப்பிட்டிருக்காக. ஆள் காணாமப் போனா, சாமான் கிடைச்சா, அறிவிக்கணும். என் தொண்டைக்கு ஆளுக ஓடிப்போயிருவாக. நீ வாரியா?"

"மைக்கா?" என்று துல்கர்னைன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "என் குரல் பழையபடி இல்ல அண்ணாச்சி" என்றான்.

"அதை என் தங்கச்சி சொல்லட்டும். அவளுக்குத்தான் தெரியும்."

இரண்டு பேரும் நூர்நிஷாவைப் பார்த்தார்கள். "பழையபடி இல்ல" என்றாள் அவள் ஒளிக்காமல். "ஆனா போங்க. சால்வை போத்திக்கிட்டுப் போங்க."

1965 சீசன் நல்ல சீசன். பேரருவிக்கு முன்னால் ஓலைக் கொட்டகை, அதில் மேசை, மைக், மரத்தில் இரண்டு இரும்புக் குழாய் ஸ்பீக்கர்கள். துல்கர்னைன் சால்வையைப் போர்த்திக்கொண்டு காலையிலிருந்து பேசினான். "பாவூர்சத்திரத்திலிருந்து வந்த குருவம்மாள், உங்கள் மகன் மைக் அருகே அழுதுகொண்டிருக்கிறான். மகனுக்கு வயது நாற்பது." கூட்டம் சிரித்தது. குளித்துவிட்டு ஈரத்துணியோடு கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யார் யார் தொலைந்தார்கள் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவான். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது நூர்நிஷாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒருநாள் அவளும் ஹாஜரா பீவியும் சோற்றைக் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார்கள். பெண்கள் பக்கத்தில் குளித்தார்கள். கரையேறி முடியைத் துவட்டும்போது, இரும்புக் குழாய்கள் கரகரவென்று திறந்தன.

"தென்காசியிலிருந்து வந்திருக்கும் நூர்நிஷா அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மைக் அருகே வரவும். உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்."

புருஷன் வாயால் தன் பேரை அவள் கேட்டதே இல்லை. "ஏட்டி", "இங்கேரு" என்பதுதான் இத்தனை வருஷமும். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. ஹாஜரா பீவி வாயைப் பொத்திக்கொண்டு, "இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா? ஊரே கேக்குதே!" என்றாள்.

நூர்நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரச் சேலை காலைத் தடுக்க, வளையல் கடைகளைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனாள். அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"என்னத்துக்குக் கூப்பிட்டீக?"

"சோறு கொண்டாந்தேல்லா. பசிக்கி" என்றான் துல்கர்னைன்.

"சோறு மைனிகிட்டல்லா இருக்கு."

"அப்ப அவளையும் கூப்பிடட்டுமா?" என்று மைக்கை மூடியிருந்த கையை எடுக்கப் போனான்.

"யா அல்லா, வேண்டாம்!" என்று நூர்நிஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.