வடிவு அழுத படம்

கேரளத்து ஏலப்பாறையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் சுடலைவடிவு, விருது வாங்கிய படத்தில் தன் முகம் வருகிறதென்று மகள் மோனிஷாவோடு தியேட்டருக்குப் போயிருந்தாள். அவள் மதியச்சோறு தின்றபோது, படமெடுக்க வந்தவர்கள் எடுத்த காட்சி அது. அன்று கூட்டாளி சொன்ன கதைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருந்தாள்.

திரையில் அந்தச் சிரிப்புச் சத்தமே இல்லை. வயலின் மட்டும் உருக்கமாக இழைந்தது. காலிச் சோற்றுத்தூக்கையும் கண்ணீரையும் பார்த்துத் தியேட்டரே விம்மியது.

"பட்டினி கெடந்தாம்மா அழுத?" மோனிஷா மிரண்டு கேட்டாள்.

வடிவு சட்டென்று எழுந்து கத்தினாள்.

"நான் அழலய்யா! அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு. வயிறு முட்டத் தின்னுட்டுச் சிரிச்சேன்!"

வயலின் இன்னும் ஓங்கியது. பக்கத்துச் சீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து, "அழாதீங்க சேச்சி" என்றாள்.