ராசியில்லாதவனின் நுழைவுச்சீட்டு

கத்தெல்லோவின் பெயரைக் கூடையிலிருந்து எடுத்த கை என்னுடையதுதான். எங்கள் கால்பந்து ரசிகர் மன்றத்துக்கு வந்த நுழைவுச்சீட்டுகள் கொஞ்சம். கேட்டவர்களோ ஊர் முழுவதும். ஆகவே மன்றத் தலைவர் ஆனியெல்லோவின் முடிதிருத்தும் கடையில் குலுக்கல் நடத்தினோம். துண்டுத்தாளைப் பிரித்து நான் பெயரை வாசித்ததும், கால்சட்டைப் பைகளுக்குள் சாவிக்கொத்துகள் குலுங்கும் ஒலி மட்டும் எழுந்தது.

ராசியில்லாதவனைக் கண்டால் இரும்பைத் தொடுவது ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே எங்கள் கடலோர ஊர்களின் வழக்கம். கத்தெல்லோ என் தங்கை அசுந்தாவின் கணவன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். "இவன் வெல்டிங் வச்ச கப்பல் எப்படிடா மிதக்குது?" என்று எவரேனும் கேட்டால், மீன் விற்கும் லிபராத்தோ, "கப்பல் முழுக்க இரும்பாச்சே, அதான் தப்பிச்சுது" என்பான். கத்தெல்லோவும் சேர்ந்து சிரிப்பான்.

இளமையில் அவன் முதன்முதலாக மைதானத்துக்கு வந்த அன்று, எங்கள் கோல்கீப்பர் எவரும் தொடாமலேயே விழுந்து கையை முறித்துக்கொண்டார். இரண்டாம் முறை வந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவரே எங்கள் வலைக்குள் பந்தைத் தள்ளினார். மூன்றாம் முறை அவனை ஒருவரும் அழைக்கவில்லை. அன்றிலிருந்து, ஆட்டம் நடைபெறும் வேளைகளில் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கடலோரச் சாலையில் தனியாக நடப்பதை அவன் கடமையாக ஏற்றுக்கொண்டான். ஊரே ஆர்ப்பரித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். முடிவு தெரிந்தபின் மறுநாள் காலையில்தான் ஆட்டத்தின் பதிவைப் பார்ப்பான்.

இம்முறை ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதி. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படும். எங்கள் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜெர்மானியர் இரண்டு கோல் அடித்துவிட்டுப் போயினர். நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை. இனி அவர்களுடைய ஊரில் மூன்று கோல் வித்தியாசத்தில் அவர்களை வீழ்த்த வேண்டும். அந்த மைதானத்தில் அவர்கள் கடைசியாகத் தோற்றது எப்போது என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

நுழைவுச்சீட்டில் பெயர் அச்சிடப்பட்டிருந்ததால் அதை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க இயலாது. புறப்படுவதற்கு முன் அவன் வீட்டுக்குச் சென்றேன்.

"மாப்ளே, சொன்னாக் கேளு. இது எப்படியும் தோத்த ஆட்டம். நீ இல்லாமலே தோத்துட்டுப் போகட்டுமே. நீ வந்தேன்னா அந்தப் பழியும் உன் தலையிலதான் விழும்."

"போன ஆட்டத்தப்ப நான் எங்க இருந்தேன், மச்சான்?"

"கடற்கரையில."

"அப்போ ரெண்டு கோல் வாங்குனது யாரு ராசியில?"

பொரித்த கத்தரிக்காயை ரொட்டிகளுக்குள் வைத்துக்கொண்டிருந்த அசுந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"விடுண்ணே, போகட்டும். மழையா இருந்தாலும் நனைஞ்சுகிட்டே நடந்துட்டு வர்றாரு. வந்து எங்கிட்ட ஸ்கோர்கூடக் கேக்கமாட்டாரு. என் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்குவாரு."

"ஒரே ஒரு தடவை, மச்சான்" என்றான் கத்தெல்லோ. "நான் உள்ள உக்காந்திருக்கும்போது நாம ஜெயிச்சுட்டோம்னா, அதுக்கப்புறம் ஒருத்தனும் என்னைப் பாத்துச் சாவியைத் தேடமாட்டான்."

அவன் 'ஜெயிச்சுட்டோம்' என்று சொன்னதும், என்னை அறியாமல் என் கை பைக்குள் சென்றது. ஆட்டத்துக்கு முன் அச்சொல்லை எங்களில் எவரும் உச்சரிப்பதில்லை. அவன் என் கையைப் பார்த்தான். பிறகு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பேருந்தின் வாசலில் ஆனியெல்லோ ஒரு குதிரை லாடத்தைப் பிடித்தபடி நின்றார். ஏறுகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டே ஏறினார்கள். கத்தெல்லோவின் முறை வந்ததும் அவர் லாடத்தைச் சற்றே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கடைசி சீட்டுல போய் உக்காரு, தம்பி. டிரைவர் பக்கம் வேணாம். வழியில ஆல்ப்ஸ் மலை வேற இருக்கு."

"சரிங்க தலைவரே" என்று சொல்லிக் கத்தெல்லோ பின்னால் சென்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.

வழியெங்கும் வழக்கமான சடங்கு நடந்தது. திருஷ்டி படாமலிருக்க, எத்தனை கோல் வாங்குவோம் என்பதை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். "நாலு!" என்றார் ஒருவர். "அஞ்சு! அதுலயும் ரெண்டு நாமளே போட்டுக்குவோம்" என்றான் லிபராத்தோ. நான் மூன்று என்றேன். கேலியாகச் சொன்னாலும் அவ்வெண்களை எல்லாரும் உள்ளூர நம்பினோம். பாதி வழியிலேயே பாட்டும் நின்றுவிட்டது.

"பின்னாடி என்ன சத்தத்தையே காணோம்? கத்தெல்லோ, நீ எத்தனைடா சொல்றே?" என்று முன்னாலிருந்து கேட்டான் லிபராத்தோ.

"மூணு."

"மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கணக்கு. மூணு வாங்குவோம்!"

"இல்ல. மூணு அடிப்போம்."

பேருந்து முழுவதும் சாவிகள் குலுங்கின. அதுவரை அவன் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

"தோத்துட்டோம், தோத்துட்டோம்னு எல்லாரும் சொல்றீங்க. தோத்துப்போன ஆட்டத்துக்கு எதுக்குய்யா இத்தனை சாவி?"

"பழக்கம்டா" என்று முனகினான் லிபராத்தோ. நான் என் சாவிக்கொத்தை எடுத்துப் பயணப்பைக்குள் போட்டேன். கத்தெல்லோ அதைக் கவனித்தான். கத்தரிக்காய் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தான்.

ரைன் ஆற்றங்கரையில் இருந்த அந்த நகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மைதான வாயிலில் காவலர்கள் எங்களைச் சோதித்து ஆனியெல்லோவின் லாடத்தைப் பறிமுதல் செய்தார்கள். அது ஆயுதமன்று, மருந்து என்று அவர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே மன்றாடினார். காவலர் அதை ஒரு நெகிழிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்தவரை அழைத்தார். லாடமும் போனபின், சவ ஊர்வலத்தில் வந்தவர்களைப் போல நாங்கள் நகர்ந்தோம்.

அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த லிபராத்தோ கத்தினான்.

"டேய்! அவங்க கோல்கீப்பர் அவுட்டு! பயிற்சி எடுக்கும்போதே விழுந்து கையை ஒடச்சுக்கிட்டானாம். யாரும் தொடவே இல்லையாம்!"

ஒரு கணம் அனைவரும் கத்தெல்லோவைப் பார்த்தோம். அவன் ஓர் ஓரமாக, கையில் நுழைவுச்சீட்டுடன் நின்றிருந்தான்.

"அடப்பாவி, இன்னிக்கு அந்தப் பக்கமாப் பாத்துட்டியா!" என்று லிபராத்தோ அவனைக் கட்டிக்கொண்டான். ஆனியெல்லோ அவன் கன்னத்தைத் தட்டினார். மாற்று கோல்கீப்பர் சின்னப் பையன் என்றார் ஒருவர். முதல் கோல் சீக்கிரம் விழுந்துவிட்டால் அவர்கள் பதறிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். தோல்வியின் எண்களைச் சொல்லி வந்தவர்கள் இப்போது கணக்குப் போடத் தொடங்கினார்கள். நானும் கூட்டிப் பார்த்தேன்.

கத்தெல்லோ மட்டும் வெளிறிப்போயிருந்தான். அவன் வலக்கை பைக்குள் இருந்தது. தன் சாவிகளை அவன் இறுகப் பற்றியிருப்பதைத் துணியின் மேலாகவே காண முடிந்தது.

"என்ன மாப்ளே? வா, உள்ள போவோம்."

"நீங்க போங்க, மச்சான்."

"என்ன பேசுறே! இப்பத்தானே எல்லாரும் உன்னைக் கொண்டாடுறாங்க?"

"அதான் பயமா இருக்கு. எப்படியும் தோத்துருவோம்னுதான் தைரியமா வந்தேன் போல. இப்போ நடந்தாலும் நடக்கும்னு தோணுது. நான் உள்ள வந்து அது கெட்டுப்போச்சுன்னா…" அவன் ஆற்றின் பக்கம் கைகாட்டினான். "ஆத்தங்கரையில நல்ல பாதை இருக்கு. வர்றப்பவே பாத்தேன்."

"பைத்தியமாடா நீ? அதெல்லாம் சும்மா. எவனோ கட்டிவிட்ட கதை."

"அப்போ உன் சாவி எங்க, மச்சான்?"

"பேருந்துல. பைக்குள்ள போட்டுட்டேன். நீதான் பாத்தியே."

"பாத்தேன். அதான் சொல்றேன், வெறுங்கையோட போகாதே." அவன் தன் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்தான். பட்டறைச் சாவிகள், நல்ல கனம். "தொழிற்சாலை இரும்பு. முடிஞ்சதும் திருப்பிக் கொடு."

தடுத்து நிறுத்தியிருக்கலாம். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், நான் உள்ளே போய்விட்டேன் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. ஆனியெல்லோவும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் கூட்டத்துக்கு எதிராகத் தலைகுனிந்து நடந்து, தூறலுக்குள் சென்று மறைந்தான்.

இருக்கையில் அமர்ந்தபின்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் தோற்றால் எதுவும் மாறாது. அடுத்த ஆட்டத்துக்கும் அவன் கடலோரம் நடப்பான். நாங்கள் வென்றாலோ, அவன் வெளியே போனதால்தான் வென்றோம் என்று ஊர் சொல்லும். அவனும் அதையே சொல்வான். பிறகு எந்தக் குலுக்கலிலும் அவன் பெயரைப் போட அவனே விடமாட்டான்.

என் பக்கத்துக் காலி இருக்கையில் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. வீரர்கள் களத்துக்குள் வந்தார்கள். எதிரணியின் கோல்கீப்பர் மெய்யாகவே சின்னப் பையன்தான். கையுறையை இரண்டு முறை கழற்றி மாட்டினான்.

"பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!" என்று முன்வரிசையிலிருந்து திரும்பிய லிபராத்தோ தன் சாவிகளை உயர்த்திக் காட்டினான். நடுவர் ஊதலை உதட்டில் வைத்தார். கத்தெல்லோவின் சாவிகள் என் திறந்த உள்ளங்கையில் நனைந்துகொண்டிருந்தன. நான் விரல்களை மூடவில்லை.