சாலையில் கொட்டிய உப்பு

"உப்பைக் கொண்டுபோய் ரோட்டுல கொட்டுற ஊர் ஒண்ணு இருக்குதுன்னா நம்புவியா?"

அண்ணன் அருள்பிரகாசம் இப்படிக் கேட்டபோது சந்தனமேரி வாய்விட்டுச் சிரித்தாள். மரக்காணம் உப்பளத்தில் அப்பா இராயப்பன் கால் வெடிக்க வெடிக்க வாரிக் குவிக்கிற உப்பை எவனாவது ரோட்டில் கொட்டுவானா? அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கூடவே கப்பலில் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடிதான் பேசினான்.

"நெசமாத்தான்டி. குளிர்காலத்துல அங்க ரோடு கண்ணாடி மாதிரி ஒறைஞ்சிடும். உப்பு போட்டாத்தான் கரையும். அந்தத் தண்ணி தெறிச்சித் தெறிச்சி வண்டிக்கு அடியெல்லாம் அரிச்சிடும். அதனாலதான் எனக்கு இவ்ளோ மலிவாக் கெடைச்சிது. மேல பாத்தா மாப்பிள்ளை, கீழ பாத்தா பொக்கை வாய்!"

ஒரு இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினான். செந்தூள் அவன் நெற்றியில் உதிர்ந்தது.

"அடுத்த மாசம் புதுச்சேரியில வெல்டிங் வச்சிடுவேன். அப்பாகிட்ட சொல்லிடாத. வண்டி வாங்குன காசை விட வரி கட்டுன காசு ஜாஸ்தி. ஓட்டை வண்டிக்கா இவ்ளோ கட்டுனன்னு ஒதைப்பாரு."

அவள் சொல்லவில்லை. அந்த அடுத்த மாதம் வரவும் இல்லை.

வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். அண்ணன் தனியாக ஓட்டிப் போகும்போது, எதிரே வருகிறவர்கள் பழக்கத்தில் வண்டியின் வலது சீட்டைப் பார்ப்பார்கள். அங்கே ஆள் இருக்காது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியவர்கள்கூட உண்டு. அருள்பிரகாசம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிறகு ஒரு நாள் காலையில் கழுவெளி ஏரி ஓரத்து வளைவில், எதிரே ஒரு மாட்டு வண்டிகூட இல்லாத ரோட்டில், கார் தானாகத் திரும்பி வாய்க்காலில் இறங்கியது. கழுத்து முறிந்து சேற்றில் கிடந்தான்.

கழுவெளியில் முழுகிச் செத்த ஒருத்திதான் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள் என்றது ஊர். அதன் பிறகும் அந்த ரோட்டில் ஆளில்லாத சிவப்பு வண்டி போவதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். பள்ளிக்கூட பஸ் அந்த வளைவைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிலுவை போடுவார்கள். பிறகு கண்ணைத் திறந்து சந்தனமேரியைப் பார்ப்பார்கள். அவள் பத்தாவதோடு நின்றுவிட்டாள்.

வாய்க்காலிலிருந்து இழுத்துவந்த வண்டி அளத்து உப்புக் கொட்டகையில் நின்றது. முன்பக்கம் நசுங்கி, ஒரு சக்கரம் கோணியிருந்தது. மற்றபடி அப்படியேதான் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் இராயப்பன் அதன் வலது பக்கத்து சீட்டில் போய் உட்காருவார். இடது சீட்டில் காற்றில் வந்த உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். முதுகு சாய்ந்த இடம், தொடை பதிந்த இடம் எல்லாம் தெரிகிற மாதிரி. அதை அவர் துடைக்கமாட்டார். யாரையும் துடைக்கவும் விடமாட்டார்.

கொட்டகை அடங்கியதும் அந்தச் சத்தம் வரும். தகரத்தை யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு கிறீச்சு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்.

"கேக்குதா?" என்பார் இராயப்பன், கிசுகிசுப்பாக. "உங்கண்ணன்தான். ஒண்ணும் சொல்லாத. கேட்டுக்கினே இரு."

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். காலையில் போய்ப் பார்த்தால், வண்டிக்குக் கீழே சிந்திக்கிடக்கிற வெள்ளை உப்பின்மேல் செந்தூள் உதிர்ந்திருக்கும். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் அந்தச் சத்தம் வரும்போது அவளுக்கும் மயிர்க்கூச்செறியும். அண்ணன் நகத்தால் சுரண்டிய அதே சத்தம்.

மூன்றாம் வருஷம் இராயப்பனின் பாதம் பிளந்து ரணமாகிவிட்டது. இனி உப்புத்தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் மெட்ராஸிலிருந்து தட்சணாமூர்த்தி என்கிற கார் புரோக்கர் வந்து சேர்ந்தார்.

ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவர் சொன்ன விலையைக் கேட்டு இராயப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பணத்தில் கிளியனூர் பக்கம் கிணற்றோடு நிலம் வாங்கலாம். சாகும்வரை அளத்தில் கால் வைக்க வேண்டாம்.

"பெங்களூர்ல ஒரு மில்லுக்காரர் பையனுக்கு" என்றார் தட்சணாமூர்த்தி. "பறக்கிற வண்டிதான் வேணுமாம். ஆமா பெரியவரே, கஸ்டம்ஸ் பேப்பர்ல உங்க புள்ள அங்க குடுத்த வெலை போட்டிருக்குது. ஸ்கூட்டர் வெலை! இது என்னாத்துக்கு அங்க இவ்ளோ மலிவு? திருட்டு வண்டியா?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க சார். மத்தது எனக்குத் தெரியாதுங்க."

சந்தனமேரி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வேற்று ஆள் எதிரே அவள் பேசியதே இல்லை. இப்போதும் பேசாமல் இருந்தால் அப்பாவின் கால் பிழைக்கும். சாயங்காலம் உட்கார வண்டி இல்லாவிட்டாலும், மகன் கடைசிவரை கூடவே இருந்தான் என்ற நினைப்பாவது அவருக்கு மிஞ்சும். ஆனால் முகம் தெரியாத அந்தப் பையனின் கை ஸ்டியரிங்கில் இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"உப்பு சார்" என்றாள்.

"என்னம்மா?"

அண்ணன் சொன்னது அத்தனையும் சொன்னாள். சொல்லும்போது குரல் யாருடையதோ போல இருந்தது. தட்சணாமூர்த்தியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தாள். வளைவில் கைவிட்ட அந்தக் கோணிய சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் குத்தினாள். நனைந்த ரொட்டியில் இறங்குகிற மாதிரி அது கைப்பிடிவரை இறங்கியது. அதே கிறீச்சு.

இராயப்பன் குனிந்து பார்த்தார். "அப்போ... அந்தச் சத்தம்?"

"துரு உதிர்ற சத்தம்பா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்பா."

அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதை அவள் தரையில் கிடந்தபடியே பார்த்தாள். தட்சணாமூர்த்தி சிரித்தார்.

"அட, இவ்ளோதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அந்த ஊர்ல இந்த வண்டி தெருவுக்கு நாலு நிக்கும். வாங்குறவன் குனிஞ்சு அடியைப் பாப்பான், ஓட்டைன்னா அடுத்ததுக்குப் போயிடுவான். இங்க அடுத்தது எங்க இருக்குது? கவர்மெண்ட்டுக்காரன் கொண்டாரவும் விடமாட்டான், கொண்டாந்தா வரியிலயே ஆள முழுங்கிடுவான். அதனால எவனும் குனியறதில்ல. பேப்பரைப் பாப்பான், பளபளப்பைப் பாப்பான். ஒரு தகரம் வச்சி, தாரு பூசி, பெயிண்ட் அடிச்சா முடிஞ்சிது. நான் சொன்ன வெலையில பத்து பைசா கொறைக்க மாட்டேன். பாப்பா மட்டும் வாயை மூடிக்கினு இருக்கணும், ஆமா!"

முன்பணக் கட்டை எடுத்து நசுங்கிய பானெட்டின்மேல் வைத்தார்.

இராயப்பன் அதைப் பார்க்கவில்லை. "அந்தப் பையனுக்கு என்ன வயசு சார்?"

"யாரு, மில்லுக்காரர் பையனா? இருபது, இருபத்தொண்ணு இருக்கும். ஏன் கேக்கறீங்க?"

அருள்பிரகாசத்தைவிட இளையவன். இராயப்பன் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். கதவைத் திறந்தார். மூன்று வருஷமாக யாரையும் தொடவிடாத அந்த வெள்ளையை உள்ளங்கையால் துடைத்தார், குழந்தையின் முதுகைத் துடைக்கிற மாதிரி, மேலிருந்து கீழாக. சீட்டு வெறும் கறுப்புச் சீட்டாக இருந்தது. கதவைச் சாத்தினார்.

"பெரியவரே, பணத்தை எடுத்து வைங்க, காத்துல பறந்துடப் போவுது."

பணத்தைத் தொடாமல், கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த உப்பு வாரும் பலகையை இராயப்பன் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அங்கேயே போட்டார்.

"அப்பா, கால்..." என்றாள் சந்தனமேரி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் கண் கூசும் வரப்பின்மேல் நொண்டி நொண்டி நடந்து போய், உப்புப் பாத்திக்குள் இறங்கினார்.