டோகாய்க்கு ஏற்ற தட்டு

பர்மாவில் போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருந்த விடுதியில் பீர் முகைதீன் பதினோரு வருடமாகச் சமையல்காரர். அவருடைய கோழி வறுவலுக்காகவே கப்பல்காரர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கிப் போவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு 1926ஆம் வருட மழைக்காலத்தில் ஒரு சோதனை வந்தது. மாடியில் குடியிருந்த பலாஷ் துரை எதைச் சாப்பிட்டாலும் முகம் வாடினார்.

துரை ஹங்கேரிக்காரர், பாலம் கட்டும் இன்ஜினீயர். திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அவர் தகப்பனார், டோகாய் என்ற வெள்ளை ஒயினில் ஆறு புட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். பேர்தான் வெள்ளை, நிறம் பழுத்த பொன். கொடியிலேயே சுருங்கிப்போன பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிச் செய்வதாம். துரை ஒருநாள் ஆட்டு ரோஸ்டோடு குடித்துப் பார்த்தார். இன்னொரு நாள், ஙப்பி என்ற மீன் விழுதின் வாசம் தூக்கலான பர்மிய மீன் கறியோடு. இப்படியே ஐந்து புட்டி தீர்ந்துவிட்டது.

"இன்னிக்கும் சரியா வரலையாம் பாய்," என்று பரிமாறுகிற சின்னத்தம்பி தட்டும் ஒயின் கிளாஸுமாகத் திரும்பி வந்தான். "சாப்பாட்டைக் குறை சொல்லல. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குதாம்."

"மிச்சம் எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான். வர்ற ஞாயித்துக்கிழமை அவங்கப்பாவுக்கு எழுபது வயசாம். அன்னிக்கு மத்தியானம் தொறக்கப் போறாரு."

பீர் முகைதீனுக்குச் சுருக்கென்றது. அவர் மதுவை நாக்கில் வைத்தறியாதவர். கிளாஸின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. "மோந்து பாக்குறது குடிக்கிறதாகாது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனார்.

அசந்துபோனார். முதலில் தேன். அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல், உலர்ந்த திராட்சை. எல்லாம் அடங்கும்போது, எலுமிச்சையைக் கீறின மாதிரி ஒரு புளிப்பு வந்து அத்தனை இனிப்பையும் தூக்கி நிறுத்தியது. சாராய நாற்றம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த வஸ்துவுக்குள் ஒரு தோட்டமே இருந்தது.

"இதைச் செஞ்ச மனுசன் லேசுப்பட்ட ஆளில்லப்பா," என்றார்.

அன்று முழுவதும் அதே யோசனை. இனிப்புக்கு எதிரே உப்பும் காரமும் வேண்டும். புளிப்பு வெட்டுவதற்குக் கொழுப்பு வேண்டும். ஆட்டிறைச்சியில் அது போதாது. சட்டென்று பிடிபட்டது: வாத்து ஈரல்!

சனிக்கிழமை கொட்டுகிற மழையில் சம்பான் படகு ஏறி, கால்வாய்க்கு அக்கரையில் தாகேதாவுக்குப் போய், கொழுத்த வாத்துகளாகத் தாமே பார்த்து வாங்கிவந்தார். மறுநாள் ஈரலைப் பாலில் ஊறவைத்து, உப்பும் ஒன்றிரண்டாய்த் தட்டிய மிளகும் தடவி, புகை கிளம்பும் நெய்யில் இருபுறமும் புரட்டி எடுத்தார். வெளியே முறுகல், உள்ளே வெண்ணெய். பக்கத்தில் அதே நெய்யில் வதக்கிய அன்னாசித் துண்டுகள்.

"புட்டியை ஐஸ்ல வை சின்னத்தம்பி. இந்தப் புழுக்கத்துல அப்படியே குடுத்தா திகட்டிரும்."

கதவிடுக்கில் நின்று பார்த்தார். துரை ஒரு துண்டு தின்றார், ஒரு வாய் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார். இன்னொரு துண்டு. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் வந்துவிட்டார்! எந்தத் துரையும் அங்கே கால் வைத்ததில்லை.

"எத்தனை வருசமா இந்த ஒயினைக் குடிக்கிறீங்கன்னு கேக்குறாரு பாய்," என்றான் சின்னத்தம்பி.

"ஒரு சொட்டு குடிச்சதில்லன்னு சொல்லு. மூக்கு சொல்லிச்சு, கை செஞ்சிச்சு."

அதைக் கேட்டதும் துரை, பெரியவர்களுக்குச் செய்வதுபோலத் தலை தாழ்த்திவிட்டு, ஈரலில் பாதியை வெட்டி அவரிடம் நீட்டினார். இருவரும் அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து துரையின் தகப்பனாரிடமிருந்து கடிதம் வந்தது. துரை எழுதி அனுப்பிய பக்குவப்படி, அன்னாசி கிடைக்காமல் பேரிக்காய் போட்டுச் செய்தார்களாம். பழம் பறிக்க வந்த கூட்டம் முழுவதும் சட்டியை வழித்ததாம். தோட்டத்தில் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் ஒன்றும் உண்டு, அதற்கு எது பொருந்தும் என்று சமையல்காரரைக் கேட்டிருந்தார் கிழவர்.

பீர் முகைதீன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு புட்டி அனுப்பச் சொல்லு. மோந்து பாத்துட்டுச் சொல்றேன்."