பார்க்கக் கூடாத கடிதம்

டெல்லா ப்ரூவரின் கல்லூரி மதிப்பெண் சராசரி நாலுக்கு இரண்டே முக்கால். ஓஹையோவில் அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு எத்தனையோ வேலைக்குப் போகலாம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதுதான் வீண் வேலை. கல்லூரி ஆலோசகர் அவளுடைய மதிப்பெண் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி நிர்வாகம்னு ஒரு நல்ல படிப்பு இருக்கும்மா, யோசிச்சுப் பாரேன்," என்றார். கரிம வேதியியலில் 'டி' வாங்கியவளிடம் பாவம் அவர்தான் வேறு என்ன சொல்வார்.

அந்த 'டி'க்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் ரோண்டா, டெல்லாவின் அம்மா. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக்கொடுத்த வலி மாத்திரை, காயம் ஆறிய பின்னும் அவளை விடவில்லை. இரண்டு வருடம் டெல்லா கல்லூரிக்கும் வீட்டுக்கும் தொண்ணூறு மைல் காரோட்டினாள். மாவு டப்பாவிலும் பழைய பூட்சுக்குள்ளும் ஒளித்து வைத்த மாத்திரைகளைத் தேடி எடுத்துக் கழிப்பறையில் கொட்டினாள், அதற்கு அம்மாவிடம் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டாள், அப்படியே போய்ப் பரீட்சை எழுதினாள். பாஸானதே பெரிய விஷயம்.

ஒரு மார்ச் மாதக் காலையில் ரோண்டா தானாகவே கடைசி டப்பாவைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். இருவரும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்பது அம்மாவின் பங்கு. இந்தப் பேச்சு இந்த வீட்டைத் தாண்டாது என்பது மகளின் பங்கு. அடுத்த வருடம் ரோண்டாவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். விஷயம் தெரிந்தால் ஊரில் எந்தத் தாய் பிள்ளையை என் வண்டியில் ஏற்றுவாள் என்ற பயமும் கூடவே இருந்தது. பள்ளிப் பேருந்துக்கான விதி பழகிப்போய், சொந்தக் காரில் போனால்கூட ரயில் பாதை வந்தால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

டெல்லா மாலை வகுப்புகளில் சேர்ந்து வேதியியலையும் இயற்பியலையும் முதலிலிருந்து படித்தாள். எல்லாவற்றிலும் 'ஏ'. நுழைவுத் தேர்விலும் பிரமாதமான மதிப்பெண். பகலில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் வின்ஸ்லோவுக்குக் குறிப்பெழுதும் வேலை. அந்தம்மா நோயாளியோடு பேசப் பேச, இவள் பின்னாலேயே கம்ப்யூட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் தட்டச்சு செய்வாள். மூன்று வருடம் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததில், டாக்டர் தும்மினால்கூட அது எந்தப் பத்தியில் போகும் என்று இவளுக்குத் தெரியும்.

முதல் தடவை இருபத்து மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இருபத்து மூன்றும் கைவிரித்தன.

கடைசி மறுப்பு வந்த அன்று ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் டாக்டர் வின்ஸ்லோ அவளைப் பிடித்துக்கொண்டார். "உன்ன மாதிரி புத்திசாலி அந்த ரெண்டு வருஷம் மட்டும் ஏம்மா அப்படிச் சறுக்கின? படிவத்துல என்ன எழுதின?"

"வீட்ல ஒருத்தர் உடம்பு சரியில்லாம இருந்தாங்கன்னு எழுதினேன், டாக்டர்."

"சளி புடிச்சா கூட அதைத்தான் எழுதுவாங்க. நெஜமா என்ன ஆச்சு?"

இருபத்து மூன்று மறுப்புக் கடிதங்களும் நெஞ்சில் கல்லாகக் கனத்தன. டெல்லா மனசு விட்டுச் சொல்லிவிட்டாள். மாவு டப்பா, பூட்ஸ், மார்ச் மாதம், எல்லாம். சொல்லி முடித்து அழுதாள். "இது யாருக்கும் தெரியக் கூடாது, டாக்டர்."

"நாள் பூரா ரகசியம் கேக்கறதுதானே என் பொழப்பு," என்றார் அவர். அதை டெல்லா வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை டாக்டரே சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதத்தோடு விண்ணப்பிப்பவர் டிக் போட வேண்டிய ஒரு கட்டம் வரும்: என்னைப் பற்றி எழுதியிருப்பதை நான் ஒருபோதும் பார்க்கக் கேட்கமாட்டேன். அதில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுவார்கள். போடாதவனின் கடிதத்தை எவனும் மதிக்கமாட்டான் என்று நம்பிக்கை. தன் தலையெழுத்து இன்னொருவர் கையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தால்தான் நேர்மையானவர் என்ற பெயர் கிடைக்கும். நல்ல நியாயம். டெல்லாவும் டிக் போட்டாள்.

ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அங்கிருந்த ஒரு பேராசிரியை விடைகொடுக்கும்போது அவள் கையை இறுகப் பிடித்து, "நீ ரொம்பத் தைரியசாலிம்மா," என்றார். கரிம வேதியியலை மறுபடி படித்ததற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு டெல்லா பூரித்துப்போனாள். ஏப்ரலில் இடம் கிடைத்தது. ரோண்டா அன்று பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி ஒரு பெரிய தட்டு நிறையச் செய்து, பேருந்துப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும், "என் பொண்ணு டாக்டராகப் போறா," என்று சொல்லித் தீர்த்தாள்.

ஆகஸ்டில் வெள்ளை கோட்டு விழா. புதிய மாணவர்களுக்கு மேடையில் ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிவிடுவார்கள். ரோண்டா அதற்கென்றே நீல கவுன் வாங்கி, முடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். டெல்லாவின் பெயரைக் கூப்பிட்டபோது விசிலடித்தது அவள்தான். விழா முடிந்து எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு டீன் ஆர்மிடேஜ் வந்தார். நரைத்த தலை, நல்ல மனுஷர். ரோண்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் ரோண்டாவா? உங்களப் பாக்கணும்னே வந்தேங்க. கமிட்டியில உங்க கதையப் படிச்சப்போ பாதிப் பேர் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. மாத்திரைலேருந்து மீண்டு வர்றது லேசுப்பட்ட காரியமா? இப்ப எவ்ளோ நாளாச்சு?"

பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பம் பேச்சை நிறுத்தியது. ஒரு பெண்மணி தன் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ரோண்டாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அஞ்சு வருஷம் நாலு மாசம்ங்க," என்றாள்.

"சபாஷ்," என்றார் டீன். அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

 எழுதியது யார் என்று டெல்லாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. 'தைரியசாலி' என்றதன் பொருளும் புரிந்தது. மாலை வகுப்பில் கண் எரிய வாங்கிய அத்தனை 'ஏ'யும் பக்கவாத்தியம். அவளை உள்ளே சேர்த்தது அம்மாவின் அவமானம். 

காரில் ஏறி உட்கார்ந்ததும் ரோண்டா சாவியைப் போடவில்லை. "சீட்டுக்காக என்ன வித்துட்டியா, டெல்லா?"

"நான் எழுதலம்மா. சத்தியமா நான் எழுதல. இந்தா, நான் எழுதினது இதான்." போனில் தன் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். வீட்டில் ஒருவர் உடல்நலமின்றி இருந்தார் என்ற ஒற்றை வரியை ரோண்டா இரண்டு தரம் படித்தாள்.

"அப்ப யாரு?"

டெல்லா டாக்டர் வின்ஸ்லோவைப் போனில் கூப்பிட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோட்டு போட்டாச்சா, டாக்டரம்மா?" என்றது உற்சாகமான குரல்.

"எங்கம்மா விஷயத்தக் கடிதத்துல எழுதினீங்களா?"

 "எழுதினேன். நீ எழுதமாட்டேங்கிற, வேற வழி? இரண்டே முக்கால வச்சுக்கிட்டு உன் ஃபைல எவன் திறந்திருப்பான்? தப்பா ஒரு வார்த்தை எழுதல, பெருமையாத்தான் எழுதினேன்."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னேனே."

"ஒரு கமிட்டிக்குத் தெரிஞ்சா என்ன? அந்தக் கடிதத்த நீ பாக்கவே போறதில்ல. உங்கம்மாவுக்கும் தெரியப் போறதில்ல. இடம் கிடைச்சுதா இல்லையா, அத சொல்லு."

டெல்லா போனை அணைத்தாள். மூன்று வருடம் டாக்டர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எழுதியவள் அவள். அந்தம்மா அவளைப் பற்றி எழுதியதை மட்டும் பார்க்க முடியாது. எத்தனை பேர் படித்தார்கள், என்னென்ன படித்தார்கள், மாவு டப்பாவும் அதில் இருந்ததா, எதுவும் தெரியாது. "பாத்தியாம்மா, எப்படி முதுகுல குத்திட்டாங்க," என்று விம்மினாள். அம்மா இப்போது தன்னை அணைத்துக்கொள்வாள் என்று நம்பினாள்.

ரோண்டா காரைக் கிளப்பினாள். நாலு தெரு தள்ளி ரயில் பாதை வந்தது. வழக்கம்போல நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். ரயில் ஏதும் வரவில்லை. ஆனாலும் அவள் நகரவில்லை.

"அந்த டாக்டரம்மாவுக்கு யாருடி சொன்னது?"

மடியில் மடித்து வைத்திருந்த கோட்டை டெல்லா இன்னொரு மடிப்பு மடித்தாள். பின்னாலிருந்து ஒரு கார் ஒலியெழுப்பியது.

"நான்தாம்மா."

"அன்னைக்கு மேசையில ரெண்டு பேரும் சேர்ந்துதானே கையடிச்சோம்," என்றாள் ரோண்டா. குரலில் கோபமே இல்லை. "முதுகு வலிக்காத நாளே கிடையாது எனக்கு. இன்னைக்குக் காலைல கூட வலிச்சுது. அஞ்சு வருஷம் நாலு மாசமா என் பங்க நான் காப்பாத்திட்டுதான் வரேன்டி."

கண்ணாடியை ஏற்றிவிட்டு ரயில் பாதையைக் கடந்தாள். கல்லூரிக்குப் பக்கத்தில் டெல்லா எடுத்திருந்த புது அறையை நோக்கி வண்டியைத் திருப்பினாள்.