கல்லுப்பாதையும் என் மெட்டியும்

அரியலூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஓர் ஓடை. எழுபத்தெட்டில் குடிதண்ணீர்க் குழாய் பதித்தபோது, அதன் கரையோரமாகவே மாதா கோயில் வரைக்கும் சுண்ணாம்புக்கல் பாவினார்கள். அதற்கு முன்னால் அது வெறும் கரிசல். ஒரு தூறல் விழுந்தால் போதும், செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். கல் பாவின பிறகு பாருங்கள் கண்ணுகளா, மேடில்லை, பள்ளமில்லை, படியில்லை. பிள்ளைத்தாய்ச்சியும் நடந்தாள், தள்ளுவண்டியும் போனது. ஒரு பக்கம் புங்க மர நிழல், ஒரு பக்கம் தண்ணீர். சாயங்காலமானால் சும்மா நடக்க ஜனங்கள் வந்தார்கள். சும்மா நடப்பதே எங்கள் ஊருக்குப் புதுசு.

"எங்க கெளம்பிட்டே?"

"சும்மா, நடக்க."

"சும்மாவா? ஏன், வூட்ல சண்டையா?"

தினமும் தவறாமல் நடந்தது பக்கத்து வீட்டு அற்புதம்மாள் டீச்சரும் நானும்தான். டீச்சர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவங்க. ரிட்டையராகிற சமயம் கண் மங்கத் தொடங்கி, ரெண்டே வருஷத்தில் பகலும் ராத்திரியும் ஒன்றாகிப் போனது. ஆனாலும் கம்பு பிடிக்க மாட்டாங்க. "கம்பு பிடிச்சா கிழவிம்பாளுங்க, குடை பிடிச்சா டீச்சர்ம்பாளுங்க" என்று கறுப்புக் குடையைத் தட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வருவாங்க. கையைப் பிடிக்கவும் விட மாட்டாங்க. நான் பத்தடி முன்னால் போக வேண்டும். மண்ணில் ஊமையாகக் கிடக்கிற என் மெட்டி, அந்தக் கல்லில் ணங் ணங் என்று பேசும். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே வருவாங்க.

இது எங்கள் ரெண்டு பேருக்குள் இருந்த ரகசியம். ஊரைப் பொறுத்தவரை டீச்சர் தனியாகத்தான் நடக்கிறாங்க.

மறு வருஷம் ஆடி மாசத்தில், அவங்க தம்பி மிக்கேல் திருச்சியிலிருந்து வந்தார். மத்தியானம் வர வேண்டியவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அரியலூர் பஸ் என்று நினைத்துப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். வந்ததும் வராததுமாக, "பொட்டியக் கட்டுக்கா. கண்ணு தெரியாதவள தனியா விட்டுட்டு அங்க எனக்குச் சோறு எறங்கல" என்றார்.

"உன் வூட்ல எனக்கு ஒரு மூலையும் ஒரு நாக்காலியும் குடுப்பே. அதுலேயே உக்காந்திருக்கவா? இங்க நான் நடக்குறேன்டா."

"தனியாவா?"

"தனியா."

"அப்ப நாளைக்கு மாதா கோயில் பூசைக்கு நடந்து காட்டு. நான் பின்னாடி வரேன், வாயே தொறக்க மாட்டேன். ஒரு தடவ தடம் மாறினாலும் எங்கூட வந்துரணும்."

"சரிடா" என்றுவிட்டாங்க. அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்போது முப்பது வயதான எனக்கு அக்காவாகவும் சிநேகிதியாகவும் இருந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மாவு மில்லுக்குப் போகிறவள் மாதிரி அரிசிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் குடை சத்தம். அதற்கும் பின்னால் மிக்கேல். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அது ஆடி ஞாயிறு என்பதை ரெண்டு பேருமே மறந்துவிட்டோம் பாருங்கள்!

தெருமுனையிலிருந்து நாலைந்து பெண்கள், தலையில் கூழ்ப்பானையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போக, எனக்கும் டீச்சருக்கும் நடுவே பாதையில் ஏறினார்கள். பானை ததும்பிவிடும் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மெட்டிகள்தான் பேசின. அத்தனை மெட்டியில் என் மெட்டி எது? பாதி வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு மதகு. அதைக் கடந்து அக்கரை போனால் அம்மன் கோயில், கடக்காமல் நேரே போனால் மாதா கோயில். நான் நேரே போனேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் கூழ்ப்பானைகளின் பின்னால் மதகேறி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாங்க.

அக்கரையில் கல் கிடையாது. மண்ணில் கால் பட்டதும் எல்லா மெட்டியும் ஒரே நேரத்தில் ஊமையாயின. டீச்சர் அப்படியே நின்றுவிட்டாங்க. நான் கல்லில் ஓங்கி ஓங்கி மிதித்தேன். கோயில் மேளத்தில் அது எங்கே கேட்கும்? கூப்பிட்டாலோ கதை முடிந்தது. மிக்கேல் மதகு மேல் கையைக் கட்டிக்கொண்டு, சொன்னபடியே வாயைத் திறக்காமல் நின்றார்.

"என்ன டீச்சர், எங்க ஆத்தாகிட்ட வந்துட்டீங்க?" என்றாள் அம்மாக்கண்ணு, பானையை இறக்கிக்கொண்டே.

"கூழ் வாசம் இழுத்துட்டு வந்துருச்சுடி. ஊத்து."

சொம்பை வாங்கி அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாங்க. மிக்கேல் பதறிப்போனார்.

"அக்கா! பூசைக்கு முன்னாடியா? வெறும் வயித்தோட நன்மை அப்பம் வாங்க வேணாமா?"

"அடுத்த ஞாயிறு வாங்கிக்கறேன்டா. பசிச்சவள சேசு கோவிச்சுக்க மாட்டாரு."

வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் குரல் வந்த பக்கமாகவே திரும்பி நடந்தாங்க. குடை நுனி மதகின் சிமெண்டைத் தொட்டது. தாண்டி இக்கரைக்கு வந்து, முதலில் இடது பக்கம் திரும்பினாங்க. அது வீட்டுக்குப் போகிற பக்கம். என் கூடையிலிருந்து அரிசி சிந்தியதுகூடத் தெரியாமல் நின்றேன். ரெண்டு கல் தள்ளி நின்று காலால் தடவினாங்க. தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாங்க. ஒன்று, ரெண்டு, மூணாவது கல் 'டக்'கென்று ஆடியது. டீச்சர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த கல்லில் நத்தை அச்சு இருக்கும். எங்கள் பக்கத்துக் கல்லில் அப்படிக் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் சகஜம். அதைக் கட்டைவிரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாங்க. பிறகு குடையைத் தட்டக்கூட இல்லை. என்னைத் தாண்டி, கோயில் வாசல் வரைக்கும் விறுவிறுவென்று போய்விட்டாங்க.

"தடம் மாறிட்டியேக்கா" என்றார் மிக்கேல்.

"மாறினேன். திரும்பி வந்தேனா இல்லியா? பஸ் போர்டு படிக்கத் தெரிஞ்ச மகராசன் நேத்து பெரம்பலூர்ல போய் எறங்கல? உன்ன யாரு நாக்காலியில உக்கார வெச்சா?"

மிக்கேல் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார். "போர்டப் பாத்து ஏறுடா" என்று டீச்சர் தெருவே கேட்கச் சொன்னாங்க.

சாயங்காலம் நடக்கும்போது என்னிடம், "அவன் வாயத் தொறக்கட்டும்னுதான், கமலம், கூழக் குடிச்சேன். மதகு எந்தப் பக்கம்னே தெரியல" என்றாங்க.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "காலே வழி சொல்லுதுல்ல டீச்சர். அப்ப என் மெட்டி எதுக்கு?"

"அடி போடி. வழிக்கா உன்ன முன்னால விட்டேன்? முன்னால ஒரு சத்தம் போய்க்கிட்டிருந்தா நடக்க நல்லாருக்கு."

அதற்கப்புறம் ஏழு வருஷம் நடந்தோம். எண்பத்தாறில் எங்க வூட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மெட்டியைக் கழற்றினார்கள். காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் டீச்சர் வாசலில் போய் நின்றேன். குடையை எடுத்துக்கொண்டு வந்தாங்க. பாதையில் ஏறிப் பத்தடி முன்னால் போனேன். என் கால் எனக்கே கேட்கவில்லை.

"கமலம், இருக்கியா?"

"இருக்கேன் டீச்சர்."

"அப்ப பேசிக்கிட்டே போ."

என்ன பேசுவது? ஓடையைப் பார்த்தேன். "தண்ணியில ஒரு கொக்கு நிக்குது டீச்சர். ஒத்தக் கால்ல" என்றேன்.

"ம், அப்புறம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.