இடுப்புக்குக் கீழே தெரியாது

அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் வேலைக்கு வந்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லை. வருவார்கள், மூக்கைப் பொத்துவார்கள், கொஞ்ச நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சியவள் பெரியக்கா ஒருத்திதான். வயதில் பெரியவள் என்பதால் அல்ல, விட்டுப் போகாதவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஆள் பிடிக்க ஒரு வீடியோ எடுப்பதென்று மேனேஜர் முடிவு செய்தார். காலை வேலைகளைப் பாதியில் நிறுத்தி, பெரியக்காவுக்குப் புதுச் சீருடை கொடுத்தார்கள். பக்கவாதத்தில் விழுந்துபோன டிரைவர் ஐயாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"மேடம், ஐயாவுக்கு இன்னும் டயப்பர் மாத்தல. நனஞ்சு கெடக்கார்."

"எடுத்து முடிச்சிட்டு மாத்திக்கலாம். சட்டைய மட்டும் மாத்துங்க. இடுப்புக்குக் கீழ கேமராவுல தெரியாது."

மேனேஜர் தன் கையாலேயே அவர் மடியில் பூப்போட்ட போர்வையை விரித்து, சுற்றிலும் ரோஜா சென்ட் அடித்தார். மூத்திர நாற்றத்தோடு ரோஜாவும் சேர்ந்துகொண்டது. இஸ்திரி கலையாத சட்டையில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிரிங்க. 'இது வேலை இல்ல, குடும்பம்'னு சொல்லுங்க."

பெரியக்கா சிரித்தாள். "இது வேலை இல்ல..." என்றபடி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஐயாவின் கண் நிறைந்திருந்தது.

"மேடம், இந்த மாடி முழுக்க நான் ஒருத்தி. ஆள் இல்லாமத்தான் இவர் காலையிலேர்ந்து ஈரத்துல உக்காந்திருக்கார். இத எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள்.

வீடியோ வெளிவந்தது. அவள் சிரித்த இடம் மட்டும் இருந்தது. அவள் குரல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ குழைந்து குழைந்து "குடும்பம்" என்றார்கள். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் திரையில் இருந்தது அவள் முகம்தான்.

சில நாளில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். துருதுருவென்ற கைகள். இருவருமாகப் புரட்டியபோது ஐயா முனகக்கூட இல்லை.

"உங்க சிரிப்பப் பாத்துதான்க்கா வந்தேன்" என்றாள்.

பெரியக்கா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடியிருந்தால் இன்னும் ஒரு ஜோடிக் கை மிஞ்சும். ஆனால் ஊசிப்போன எதையோ மென்றதுபோல் வாயெல்லாம் கசந்தது. போர்வை, வாசனை, வெட்டிய பேச்சு என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"அப்ப நீங்க ஏன்க்கா இன்னும் இங்க இருக்கீங்க?"

"நானும் போயிட்டா ஐயாவ யாரு தூக்குவா? அந்த அம்மா அதத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் என்னைப் பிழியுது."

மதியச் சாப்பாட்டுக்குப் போன பெண் திரும்பவில்லை.

"கெடச்ச ஒருத்தியையும் வெரட்டிட்டீங்களே" என்றார் மேனேஜர்.

"ஆமா மேடம். அடுத்து வர்றவகிட்டயும் சொல்லுவேன்."

இவளையும் அனுப்பிவிட்டால் மாடிக்கு ஆள் இல்லை. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பெரியக்காவுக்கு அதில் துளி சந்தோஷமும் இல்லை. உள்ளே ஐயா கட்டில் ஓரத்துக்குச் சரிந்து கிடந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தனியாகவே அவரைத் தூக்கினாள்.